குழாய் இடமும் சும்மா இடமும்

சடையப்பன் என் தங்கை சொக்கம்மாளின் புருஷன். உறவு என்பதற்காக அவனைப் பற்றி எழுதவில்லை. உறவில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற வழியில் இருக்கிற கிணறுகளில் பாதிக்கு மேல் அவன் இறங்கி ஏறியவை. பம்புசெட் மோட்டார் பழுது பார்ப்பது அவன் தொழில். எரிந்துபோன மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுவது என் தொழில். அவன் கிணற்றிலிருந்து கழற்றிச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வருவான். நான் பஜாரில் என் கடையில் உட்கார்ந்து கட்டிக் கொடுப்பேன். பழக்கம் அப்படி வந்தது. தங்கையைக் கொடுத்தது அப்புறம்.

ஆள் குள்ளம். வாய் நீளம். ஸ்பானர் பிடித்துப் பிடித்து உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. அந்தத் தோலில் நெருப்பை வைத்தாலும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவனுக்குத் தெரியும். அதனால் சூடு பார்க்க உள்ளங்கையை நம்பமாட்டான், புறங்கையைத்தான் வைப்பான்.

அவன் மோட்டார் பார்க்கிற விதமே தனி. கிணற்றில் இறங்கியதும் ஸ்பானரை எடுக்கமாட்டான். ஓடிக்கொண்டிருக்கிற மோட்டாரின் நடு உடம்பில் புறங்கையை வைப்பான். பிறகு பேரிங் இருக்கிற முனையில் வைப்பான். திரும்பவும் நடு உடம்பு, திரும்பவும் முனை. மேலே நின்றுகொண்டு நிலத்துக்காரன் கத்துவான்.

"இன்னாப்பா, மோட்டாருக்கு நாடி புடிக்கிறியா?"

"ஓடற மோட்டாரு சூடாவத்தான் செய்யும். வெயில்ல கெடந்தாலும் சூடாவும். அது இன்னா பெரிய விசயம்? ஒடம்பு ஒரு சூடு, முனை ஒரு சூடுன்னு ரெண்டா கீதான்னு பாக்கணும். ரெண்டா இருந்தா நிறுத்து. பேரிங் பூட்டுது."

பேரிங் போய்விட்டது, நிறுத்து என்றால் யாருக்குப் பிடிக்கும்? கரண்டு வருவதே கொஞ்ச நேரம். நட்ட வயலுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும். இன்னும் ஒரு நாள் ஓடட்டும், இன்னும் ஒரு மடை பாயட்டும் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். அதனால் சில பேர், சடையப்பன் சைக்கிள் வரப்பில் வருவது தெரிந்தால், ஓடிப்போய் ஒரு சாக்கை நனைத்து பேரிங் முனைமேல் போட்டுவிடுவார்கள். அவன் இறங்குவதற்குள் எடுத்துவிடுவார்கள். இந்த வேலையில் எங்கள் ஊர் தாமோதரன் பேர் போனவர். நல்ல விவசாயி, நல்ல மனுஷன், ஆனால் மோட்டாரை நிறுத்தச் சொன்னால் மட்டும் பெற்ற பிள்ளையைக் கேட்ட மாதிரி முகம் போகும்.

"ஈரச் சாக்கு போட்டா என் கையத்தான் ஏமாத்துவே. பேரிங்க ஏமாத்த முடியாது" என்று சடையப்பன் அவரை எத்தனை தரம் திட்டியிருக்கிறான் என்று கணக்கில்லை.

அந்தத் தாமோதரன் கிணற்றில்தான் எண்பத்து மூன்றாம் வருஷம் பங்குனியில் அவன் விழுந்தான். கிணற்றுக்குள் குறுக்கே போட்டிருந்த பனஞ்சட்டத்தில் நின்றுகொண்டு குழாய் கழற்றிக்கொண்டிருந்தான். சட்டத்தில் பாசி. கால் வழுக்கியது. தண்ணீரில் விழுந்திருந்தால் நீந்தி ஏறியிருப்பான். சட்டத்தின் மேலேயே, குதிரை ஏறுகிறவன் மாதிரி இரண்டு பக்கமும் காலைப் போட்டு விழுந்துவிட்டான். எலும்பு முறியவில்லை. ஆனால் நீர் போகிற பாதை உள்ளே அறுந்துவிட்டது. வயிறு உப்பிக்கொண்டு வருகிறது, ஒரு சொட்டு இறங்கவில்லை. தாமோதரனே வண்டி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அங்கே தொப்புளுக்குக் கீழே ஒரு துளை போட்டு, மூத்திரப்பைக்குள் ரப்பர் குழாய் ஒன்றை விட்டார்கள். குழாயின் மறுமுனை ஒரு பாட்டிலில். அறுந்த இடம் உடனே தைக்கிற இடம் இல்லையாம். உள்காயம் ஆறி, வீக்கம் வற்றி, அப்புறம்தான் திறந்து, கெட்டதை வெட்டி, நல்லதோடு நல்லதை வைத்துத் தைக்க வேண்டுமாம். அதுவரைக்கும் வயிற்றில் குழாயோடுதான் இருக்க வேண்டும். அங்கிருந்த டாக்டரம்மா ஆபரேஷனுக்கு ஆடி மாதத்தில் ஒரு தேதி கொடுத்தார்.

"ஆடியில எவனும் நல்ல காரியம் செய்யமாட்டான். அதான் எனக்கு எடம் கெடச்சிது" என்றான் சடையப்பன்.

டாக்டரம்மா ஒன்றைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். குழாய் இறங்குகிற இடத்தில் சீழ் பிடிக்கக் கூடாது. பிடித்தால் ஆபரேஷன் கிடையாது. சீழ் இருக்கிற வயிற்றில் தையல் போட்டால் தையல் நிற்காது, பிறகு ஆயுசுக்கும் குழாய்தான்.

அவன் ஊருக்கு வந்தான். பாட்டிலை ஒரு மஞ்சள் பையில் போட்டு, லுங்கிக்கு மேலே இடுப்போடு தொங்கவிட்டுக்கொண்டு தெருவில் நடந்தான். ஊர் வாய் சும்மா இருக்குமா?

"இன்னா சடையப்பா, மார்க்கெட்டுக்கா?"

"இல்லப்பா. மெயின் லைன் கட்டாயிடுச்சி. பைபாஸ் போட்டுக் குடுத்துக்கீறாங்க."

தெருவில் இப்படிப் பேசிச் சிரிப்பான். வீட்டுக்குள் சிரிப்பு கிடையாது. கிணற்றில் இறங்க முடியாது. சைக்கிள் மிதிக்க முடியாது. கல்யாணம், சாவு எதற்கும் போகமாட்டான், நாலு பேர் நடுவில் பாட்டில் நிறைந்துவிடுமோ என்று பயம். ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னான். "மச்சான், வரப்போரம் நின்னுக்கினு ஒண்ணுக்கு போவறவன பாத்தா எனக்கு பொறாமையா கீது. இதுக்கெல்லாமா மனுசன் பொறாமப்படுவான்?" அந்த ஆடித் தேதியைத்தான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

டாக்டரம்மா ஏற்பாட்டில் வாரத்துக்கு ஒரு தரம் சாலவாக்கத்திலிருந்து நர்ஸ் ஜெயம்மா வந்து பார்ப்பாள். சொந்த ஊர் ராஜகுளம். டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேகமாக நடப்பாள். மருந்துப் பையோடு ஒரு பழைய பிஸ்கட் டப்பாவும் கொண்டு வருவாள். அந்த டப்பாவில் மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகள் இருக்கும், சுண்டுவிரல் நீளம். பார்க்கக் கறுப்பு. தோலில் ஒட்டினால் நிறம் மாறும். சூடு குறைவு என்றால் பழுப்பு, கொஞ்சம் ஏறினால் பச்சை, இன்னும் ஏறினால் நீலம். டாக்டரம்மாவுக்கு யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்ததாம். காய்ச்சல் வருவதற்கு முன்னாலேயே குழாய்ப் பக்கத்துத் தோல் சூடாகிவிடுகிறதா என்று, குழாய் போட்ட சில பேரிடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் சடையப்பனும் ஒருவன்.

முதல் நாள் ஜெயம்மா ஒரு பட்டையைக் குழாய்ப் பக்கத்தில் ஒட்டினாள். இன்னொன்றை அதே மட்டத்தில் தள்ளி, விலாவுக்குக் கீழே ஒட்டினாள்.

"அங்க எதுக்கு நர்ஸம்மா? அது சும்மா எடம். அங்க ஒண்ணுமே இல்லியே."

"சும்மா கெடக்கறதாலதான் அது வேணும். சித்திர வெயில்ல ஒடம்பு பூரா சூடாத்தான் இருக்கும். அத வெச்சி இன்னா தெரியும்? சும்மா எடமும் கொழா எடமும் ஒரே கலரா இருந்தா தேவல. கொழா எடம் மட்டும் ஏறிச்சின்னா அங்க இன்னாமோ நடக்குதுன்னு அர்த்தம்."

இதைக் கேட்டபோதாவது அவனுக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. ஊரில் இருக்கிற மோட்டாருக்கெல்லாம் அதையேதான் அவன் செய்துகொண்டிருந்தான். தன் வயிற்றை அவன் மோட்டாராக நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அந்த இடத்துக்குச் சும்மா இடம் என்றே பேர். வாராவாரம் இரண்டு பட்டையும் ஒரே நிறம் காட்டின. பட்டையை எடுத்துக்கொண்டே ஜெயம்மா கேட்பாள்.

"சூடு எதனா கீதாய்யா?"

"சூடெல்லாம் இல்ல நர்ஸம்மா."

இதில்தான் கோளாறு. எங்கள் பக்கத்தில் 'சூடு பிடித்துக்கொண்டது' என்று சொன்னால் நீர்க்கடுப்பு. வெயிலில் அலைந்து, உடம்பில் உஷ்ணம் ஏறி, ஒன்றுக்குப் போகும்போது எரிகிறது என்று அர்த்தம். அதற்குப் பக்குவமும் உண்டு. தொப்புளிலும் கால் கட்டைவிரலிலும் விளக்கெண்ணெய், வயிற்றுமேல் ஈரத்துணி, குடிக்க இளநீரும் மோரும். ஜெயம்மா கேட்டது குழாய்ப் பக்கத்துத் தோலின் சூடு. சடையப்பன் சொன்னது நீர்க்கடுப்பு இல்லை என்று. கேட்டது ஒன்று, பதில் ஒன்று. பட்டைகள் ஒழுங்காக நிறம் காட்டிக்கொண்டிருந்த வரைக்கும் இது யாருக்கும் தெரியவில்லை.

ஆடி பிறந்தது. ஆபரேஷனுக்கு இன்னும் ஒரு வாரம்தான். அன்றைக்கு என் தங்கை வீட்டில் கூழ் ஊற்றினார்கள். நானும் போயிருந்தேன். சடையப்பன் கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தான், வயிற்றுமேல் ஈரத்துண்டு.

"இன்னா மாப்ளே?"

"ஒண்ணுமில்ல மச்சான். சூடு புடிச்சிக்கிச்சி. கொழா போற எடத்துல லேசா எரிச்சலு. உன் தங்கச்சி எண்ணெ வெச்சிக்கீது. கொறஞ்சி பூட்டுது."

சொக்கம்மாள் கூழ்ச் சட்டியிலிருந்து தலையைத் தூக்கினாள். "மூணு வேள மோரு குடுக்கறேண்ணா. எண்ணெ வெச்சி, துணிய நனச்சி நனச்சி போட்டு எறக்கிட்டேன். இப்ப தொட்டுப் பாரு, பான கணக்கா ஜில்லுன்னு கீது." அவளுக்குப் பெருமை. எனக்கும் அதில் தப்பொன்றும் தெரியவில்லை. சூட்டுக்கு எங்கள் அம்மாவும் அதைத்தான் செய்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஜெயம்மா வந்தாள். குடையைச் சுவரில் சாய்த்தாள். சொக்கம்மாள் துண்டை எடுத்து மடித்து வைத்துவிட்டு, ஒரு சொம்பில் கூழ் கொண்டு வந்தாள்.

"அப்பால குடிக்கிறேன், வெய்யி" என்று சொல்லிவிட்டு ஜெயம்மா பட்டைகளை ஒட்டினாள். உட்கார்ந்து பார்த்தாள். குனிந்து பார்த்தாள். சும்மா இடம் பச்சைக்கு வந்துவிட்டது. குழாய் இடம் பழுப்பிலேயே நின்றது.

"இன்னாய்யா இது? சும்மா எடம் பச்ச. கொழா எடம் ஏறவே மாட்டேங்குது."

"ஜில்லுன்னு கீதுன்னு அர்த்தம். நல்லதுதான நர்ஸம்மா?"

"ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் நல்லது. கொறஞ்சா ஏன் கொறஞ்சிதுன்னு கேக்கணும் இல்ல?" பட்டையை எடுத்துவிட்டு விரலால் தடவினாள். விரலை மூக்கருகில் கொண்டுபோனாள். "வெளக்கெண்ணெ யாரு வெச்சது?"

"நான்தான்" என்றாள் சொக்கம்மாள். "சூடு புடிச்சிக்கினு கீதே, அதுக்காவ."

ஜெயம்மா ஒரு நிமிஷம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சூடு கீதான்னு வாராவாரம் கேக்கறனே, இல்லன்னுதான சொன்னே?"

"அப்ப இல்ல. இப்ப ரெண்டு மூணு நாளாத்தான் எரியுது" என்றான் சடையப்பன்.

"நான் எந்தச் சூட்டக் கேக்கறேன், நீ எந்தச் சூட்டச் சொல்றே" என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கோபப்படவில்லை. பஞ்சால் எண்ணெயைத் துடைத்து எடுத்தாள். சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றினாள். சும்மா இடத்தையும் அதே மாதிரி துடைத்தாள். "விசிறாதே. அப்படியே காயட்டும்" என்று சொல்லிவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்து கூழைக் குடித்தாள். கூழில் வெங்காயம் நன்றாக இருக்கிறது என்றாள்.

கூழ் முடிந்ததும் பட்டைகளைத் திரும்ப ஒட்டினாள். இந்தத் தடவை நாங்கள் எல்லாருமே குனிந்துகொண்டோம். சடையப்பன் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கித் தன் வயிற்றையே பார்த்தான். இரண்டும் பழுப்பாயின. இரண்டும் பச்சையாயின. சும்மா இடம் அதோடு நின்றது. குழாய் இடம் நிற்கவில்லை. பட்டையின் ஓரத்தில், குழாயை ஒட்டின பக்கத்தில், முதலில் ஒரு கீற்று நீலம் வந்தது. அது மெதுவாகப் பரவிப் பட்டை முழுக்க ஆயிற்று. மயில் கழுத்து நிறம். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஜெயம்மா அவன் நாக்கின் கீழே தெர்மாமீட்டர் வைத்தாள். காய்ச்சல் இல்லை.

"பாரு, காச்சலு இல்ல" என்றான் அவன், அவசரமாக.

"காச்சலு வர்றதுக்கு முன்னாடி தெரிஞ்சிக்கத்தான்யா இந்தப் பட்ட. பாட்டில்ல பாரு, போன வாரம் மாதிரியா கீது? கலங்கலா கீது. இன்னிக்கே கெளம்பிப் போயி டாக்டரம்மாவ பாரு."

"இப்ப போனா தேதி பூடும்."

"பூடும்."

"அடுத்த வாரம் எப்படியும் போவப்போறேன். அப்ப பாத்துக்கட்டும். ஒரே தடவையா கத்தி வெச்சிட்டா இதுவும் சரியாயிடும்."

"சீழு கீற எடத்துல தச்சா தையலு பிரிஞ்சிடும்னு டாக்டரம்மா உன்கிட்டதான சொன்னாங்க? அப்பறம் ஆயுசுக்கும் அந்த மஞ்சப் பைதான். ரத்தத்துல ஏறிச்சின்னா பையும் வேணாம், நீயும் வேணாம்."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவனை எனக்குத் தெரியும். திட்டினால் திருப்பித் திட்டுவான், அது நல்லது. சுவரைப் பார்த்துப் படுத்தால் அசையமாட்டான். கொஞ்சம் கழித்துச் சுவரிடமே சொன்னான். "பங்குனியிலேர்ந்து இந்த ஒரு நாள நெனச்சிக்கினு கீறேன். எழுதி வெக்காத நர்ஸம்மா. பச்சன்னு சொல்லிடு. ஒரு வாரம்தான."

"நான் சொன்னா பட்ட கேக்குமா?" என்றாள் ஜெயம்மா.

"மச்சான், நீயாவது சொல்லு."

அவன் கேட்டது நியாயமாகவும் இருந்தது, பைத்தியக்காரத்தனமாகவும் இருந்தது.

சொக்கம்மாள்தான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய், சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் இடுக்கி உட்கார்ந்தாள். அவன் வலது கையை எடுத்தாள். அவன் இழுத்துக்கொண்டான். அவள் விடவில்லை. கையைத் திருப்பி, புறங்கையைக் கொண்டுபோய் விலாவுக்குக் கீழே வைத்தாள்.

"இன்னாமே பண்றே?"

"சும்மா எடம். பாத்துக்கோ." பிறகு அதே கையைக் குழாய்ப் பக்கத்தில் வைத்தாள். "இது முனை. இப்ப சொல்லு. தாமோதரன் மோட்டாரா இருந்தா இன்னா சொல்லுவே?"

அவள் கையை விட்டுவிட்டாள். கை அங்கேயே இருந்தது. பிறகு தானாகவே நகர்ந்து சும்மா இடத்துக்குப் போயிற்று. திரும்பக் குழாய் இடத்துக்கு வந்தது. இன்னொரு தரம் போய் வந்தது. கிணற்றில் அவன் செய்வதை எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், அதே மாதிரிதான். முகமும் அந்த முகம்தான், காது கொடுத்துக் கேட்கிறவன் முகம்.

"பேரிங் பூட்டுதுமே" என்றான்.

"ஈரச் சாக்கு போட்டது நானு" என்றாள் என் தங்கை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "எறங்கிடுச்சின்னு நெனச்சேன். தெரியாம மூடி வெச்சிட்டேன்யா."

"நீ இன்னா பண்ணுவே. நான்தான வருசக்கணக்கா ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு கீறேன்." எழுந்து உட்கார்ந்தான். "மச்சான், பஸ்ஸு எத்தினி மணிக்கு?"

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். டாக்டரம்மா குழாய்ப் பக்கத்தில் அழுத்தினார். ஒரு பயறளவு சீழ் வந்தது. அவ்வளவுதான், ஆனால் உள்ளே வேர் விட ஆரம்பித்திருந்தது. பழைய குழாயை எடுத்துவிட்டு வேறு போட்டார்கள், ஊசி போட்டார்கள், படுக்க வைத்தார்கள். எண்ணெய் விஷயத்தைச் சொக்கம்மாள் தானாகவே சொன்னாள். டாக்டரம்மா ஏசவில்லை. எண்ணெயைத் தலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், குழாய்ப் பக்கம் மட்டும் வேண்டாம் என்றார். காய்ச்சல் வரும்வரை காத்திருந்தால் வேறு கதை ஆகியிருக்கும் என்றும் சொன்னார். ஆடித் தேதி போயிற்று. ஐப்பசிக்குத் தள்ளி வைத்தார்கள்.

அந்த வாரம் அவன் யாரோடும் பேசவில்லை. டாக்டரம்மா கேட்டதற்கு மட்டும் பதில். அவனுடைய தேதியில் வேறு ஒருவனைத் தள்ளு கட்டிலில் வைத்துக் கொண்டுபோனதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தான். "போய்ட்டு வாப்பா, நல்லா வரும்" என்று அந்த ஆளிடம் சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது.

ஊருக்குத் திரும்பினபோது தாமோதரன் பார்க்க வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, கட்டிலில் உட்கார்ந்து, ரொம்ப அடக்கமாகக் கேட்டார்.

"ஏம்பா சடையப்பா, ஈரச் சாக்கு போட்டா பேரிங் நல்லாயிடுமா?"

சடையப்பன் அவரை முறைத்தான். பிறகு சிரித்துவிட்டான். குழாய் அசைந்து வலித்தது, அப்போதும் சிரித்தான். "யோவ், பழத்த வெச்சிட்டு ஓடிப் பூடு."

அதற்கப்புறம் தினம் காலையில் பல் தேய்த்ததும் புறங்கையை வைத்துப் பார்ப்பது அவனுக்குப் பழக்கமாகிவிட்டது. சும்மா இடம், குழாய் இடம், சும்மா இடம். அவன் பார்த்த பிறகு சொக்கம்மாளும் பார்ப்பாள். அவளுக்குச் சந்தேகம் என்றால் அவளே சாலவாக்கம் போய் ஜெயம்மாவைக் கூட்டிவந்துவிடுவாள். இரண்டு தரம் அப்படிப் போனாள். இரண்டு தரமும் பட்டை ஒரே நிறம் காட்டியது. ஜெயம்மா அலுத்துக்கொள்ளவில்லை. ஆனால் தன் கேள்வியை மாற்றிக்கொண்டாள். சூடு இருக்கா என்று அதற்கப்புறம் எங்கள் பக்கத்தில் யாரையும் அவள் கேட்டதில்லை. "ரெண்டு எடமும் ஒண்ணா கீதா?" என்றுதான் கேட்பாள்.

ஐப்பசியில் ஆபரேஷன் நடந்தது. நல்ல மழை. இரண்டு பட்டையும் கடைசி நாள் வரை பச்சை. தையல் நின்றது. கொஞ்ச நாளைக்குப் பிறகு ஆபரேஷனில் நீர் போகிற பாதை வழியாகக் கீழே வைத்திருந்த குழாயையும், மேலே வயிற்றுக் குழாயையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக் கக்கூஸில் அவன் ஒன்றுக்குப் போனதைப் பார்த்துத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் அதை அவன் கணக்கில் சேர்க்கவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவன் ஜன்னலோரம், பக்கத்தில் சொக்கம்மாள், பின் சீட்டில் நான். மஞ்சள் பை அவள் மடியில் இருந்தது, உள்ளே வேட்டியும் மருந்தும். சாலவாக்கம் நெருங்கும்போது ஏரி தெரிந்தது. மழைக்கு நிறைந்து, கரைக்கு ஒரு முழம் கீழே தண்ணீர் அலையடித்துக்கொண்டிருந்தது. சடையப்பன் எழுந்து நின்றான்.

"கண்டக்டரே, இங்க ஒரு நிமிசம் நிறுத்து."

"இங்க ஸ்டாப்பிங் இல்லய்யா."

"தெரியும். நிறுத்து. அவசரம்."

கண்டக்டர் விசில் ஊதினார். அவன் மெதுவாக இறங்கினான், தையல் போட்டவன் நடை. கரைச் சரிவில் ஒரு கருவேல மரத்துக்கு அந்தப் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். பஸ் நின்றது. டிரைவர் இன்ஜினை அணைக்கவில்லை. ஒருவர் இருமினார். ஒரு கிழவி, "ஏரித்தண்ணி எறங்கற வரைக்கும் நிப்பானா அந்த ஆளு?" என்று கேட்டாள்.

கண்டக்டர் கதவில் தொங்கிக்கொண்டு கூப்பிட்டார். "இன்னாய்யா, எவ்ளோ நேரம்?"

"பங்குனியில நின்ன லைனுய்யா இது" என்று அங்கிருந்தே குரல் வந்தது. "மெதுவாத்தான் வரும்."

பஸ்ஸில் பாதிப் பேருக்கு அவனைத் தெரியும். அவர்கள் சிரித்தார்கள். மீதிப் பேரும் சேர்ந்து சிரித்தார்கள். என் தங்கை மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து ஏறி உட்கார்ந்தான். பஸ் கிளம்பியது. அவன் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் போனதும் அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"சூடு எதனா கீதா?"

அவன் திரும்பினான்.

"எந்தச் சூட்டக் கேக்கறே?"